நாய்: 0

ஏரிக்கரைப் பறவைகளைக் கணக்கெடுக்க நான் பயன்படுத்தும் களப் படிவத்தின் நகல் வேண்டுமென்று முதலாண்டு ஆய்வு மாணவர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு, அந்தப் படிவத்தின் பதினோராம் கட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கொடுத்தது சரியன்று என்று மனம் உறுத்தியது. அதனால் இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

நான் குடியிருப்பது பெங்களூரு சிவாஜிநகரில், ரசல் மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள ஒரு சந்தில். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் பகுதி இது. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொண்டு உட்காரும். ஆய்வு மாணவியின் உதவித்தொகைக்குள் அடங்கும் வாடகை இந்த வட்டாரத்தில்தான் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சமோசா எனக்கு முன்பே அந்தச் சந்தில் குடியிருந்தவள். காதுகள் இரண்டும் முக்கோணமாக நிமிர்ந்து நின்றதால் பிள்ளைகள் அப்படிப் பெயரிட்டார்கள். பிறகு ஒரு காதின் நுனி வெட்டப்பட்டது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்ட நாய் என்பதற்கான அடையாளம் அது. தெருநாயை அதன் சொந்த இடத்திலேயே விடவேண்டும் என்பதே விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 சொல்லும் நடைமுறை. ஆகவே சட்டப்படி அவள் சந்துக்கு உரியவள், நான்தான் வந்தேறி. ஒரு மழைக்காலத்தில் இருசக்கர வாகனம் ஒன்று மோதி அவளுடைய பின்னங்கால் முறிந்தது. இரண்டு மாதம் என் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கால் கூடிய பின்னும் அவள் படியிறங்கிப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

என் ஆய்வுக்களம் ஹெசரகட்டா. சிவாஜிநகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வடமேற்கே, அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைந்த ஏரியும் அதைச் சூழ்ந்த புல்வெளியும். 1890களில் பெங்களூருக்கு முதன்முதலாகக் குழாய் வழியே குடிநீர் போனது இந்த ஏரியிலிருந்துதான். இன்று அதை யாரும் குடிநீர் ஏரியாக நினைப்பதில்லை. பருவமழையைப் பொறுத்து நீர் ஏறும், இறங்கும். சில ஆண்டுகளில் ஏரிப்படுகையில் மாடு மேயும். நீர் இறங்கும் அந்தச் சேற்று விளிம்புதான் எனக்கு வேண்டியது. குளிர்காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேடுவது அந்தச் சில அடி அகலச் சேற்றில்தான். மாலையில் புல்வெளிக்குப் பூனைப்பருந்துகள் வந்து இறங்கும். மரத்தில் அல்ல, தரையில், புல்லுக்குள்ளே உறங்கும்.

வருவாய்த்துறையின் பழைய மொழியில் புல்வெளி என்றால் தரிசு. தரிசு என்றால் எதையாவது கட்டலாம். திரைப்பட நகரம் ஒன்றை இங்கே அமைக்கும் பேச்சுகூட நடந்தது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட இந்நிலத்தைக் காப்பகமாக அறிவிக்கும் கருத்துருவை மாநில வனவிலங்கு வாரியம் 2021 ஜனவரியில் தள்ளிவிட்டது, 2024-இல் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நீதிமன்றம் ஏறி இறங்கியவர்களுக்கு இங்கே படிக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒரு நுணுக்கம் மட்டும் சொல்ல வேண்டும். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எவரும் நுழைய முடியாது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த ‘காப்பகம்’ என்னும் வகைக்கு அந்த நுழைவுக் கட்டுப்பாடு பொருந்தாது; தீ வைத்தல், வேட்டை போன்றவையே தடை. நடப்பவர் நடக்கலாம். நாயோடு நடப்பதை நினைத்து எவரும் விதி எழுதியதாகத் தெரியவில்லை. நானும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

வாரநாள்களில் பேருந்து மாறிப் போவேன். சமோசா வீட்டில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஏற்பாடு. கீழ்வீட்டுப் பூக்கார அக்கா ஹெசரகட்டாப் பக்கத்துத் தோட்டங்களில் செவ்வந்தி எடுக்க விடியற்காலை நான்கரை மணிக்கு ஆம்னி வேனில் கிளம்புவார். போகும்போது வேன் காலி. முதல் ஞாயிறு நான் ஏறியதும் சமோசாவும் தாவி ஏறிவிட்டாள். “வுடு மா, அதுவும் காத்து வாங்கட்டும்” என்றார் அக்கா. அப்படித் தொடங்கியது.

அந்த நடைகளைப் பற்றிக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையின் மிக நல்ல காலைகள் அவை. கழுத்துவார் எப்போதும் என் இடது மணிக்கட்டில் சுற்றியிருக்கும், ஒருநாளும் அவிழ்த்துவிட்டதில்லை. சந்தில் அவள் நடப்பது வேறு நடை: ஓரமாக, தலை தாழ்த்தி, வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கி. கரைமேல் ஏறியதும் வால் உயரும். நான் கண்ணால் படிக்கும் இடத்தை அவள் மூக்கால் படிப்பாள். காட்டுப்பூனை போன வழியையும், பாம்பு சட்டை உரித்துப்போட்ட புதரையும் எனக்குக் காட்டியவள் அவள்தான். பனி விலகும் நேரத்தில் இருவரும் கரையில் உட்கார்ந்து, நான் கொண்டுபோகும் பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்போம். முறிந்த கால் ஈரத்தில் வலிக்குமோ என்று எனக்குக் கவலை. அவளோ அந்தக் காலை ஊன்றித்தான் சேற்றைக் கிளறுவாள். தெருவில் பிறந்த ஓர் உயிருக்கு ஒரு காலைப்பொழுதேனும் திறந்த வெளி கிடைக்கிறதே என்ற நிறைவு எனக்கு இருந்தது. அதில் கொஞ்சம் தற்பெருமையும் கலந்திருந்தது என்பது இப்போது தெரிகிறது.

கணக்கெடுப்பு முறை எளியது. கரையில் எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்று, தெரியும் பறவைகளை இனவாரியாக எண்ண வேண்டும். அதற்குமுன் சூழலைக் குறிக்கப் பதினொரு கட்டங்கள்: நாள், நேரம், நிலை எண், மேகம், காற்று, நீர்மட்டம், மனிதர், வாகனம், கால்நடை, கொன்றுண்ணிப் பறவை, நாய்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஐந்தாம் நிலையில் சிவப்பு மூக்கு ஆட்காட்டி இரண்டு எங்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஆட்காட்டி கத்துவது இயல்புதானே என்று இருந்துவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். ஒளி அழகாக இருந்தது. சமோசா நிமிர்ந்து உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்தேன். அங்கேயே முக்கால் மணி நேரம் இருந்தோம். அந்தப் படத்தை இதே பக்கத்தில் பதிவிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்; நிறையப் பேர் நல்ல சொற்கள் எழுதினீர்கள்.

மூன்று நாள் கழித்து வாசகர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார்: “படத்தின் இடது மூலையில் இருப்பவை கற்களா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். கற்கள் அல்ல. சரளைக்கு நடுவே, ஒரு சிறு பள்ளத்தில், கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்த நான்கு முட்டைகள். சமோசாவின் முன்னங்காலிலிருந்து ஐந்தாறு அடி தொலைவு இருக்கும்.

பறவையியல் படிப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையிலேயே முட்டையிடும். நம் ஊர் வெயிலில் முட்டைக்குத் தேவைப்படுவது சூட்டைவிட நிழல்தான். உச்சி நேரத்தில் தாயும் தந்தையும் மாறிமாறி நீருக்குப் போய், வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைமேல் ஈரத்தோடு அமர்ந்து குளிர்விக்கும். நீர்விளிம்புக்கு அருகே அது இடம் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். முக்கால் மணி நேரம் ஒரு பறவையை முட்டையிடம் நெருங்கவிடாமல் நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பது வெயிலையும் வேளையையும் பொறுத்தது. அந்த நான்கு முட்டைகள் பொரித்தனவா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை போனபோது பள்ளம் வெறுமையாக இருந்தது. குஞ்சு பொரித்த நாளிலேயே நடந்து போய்விடும் என்பதால் வெறும் பள்ளம் எதையும் சொல்வதில்லை.

அன்றிரவு அந்த ஞாயிற்றுக்கிழமையின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நிலை. மேகம்: இல்லை. காற்று: மெல்லியது. மனிதர்: 2. கால்நடை: 0. நாய்: 0.

என் கையெழுத்துதான். கழுத்துவாரை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வலது கையால் எழுதியது. மற்ற ஞாயிறுகளின் தாள்களையும் புரட்டினேன். ஊர்நாய்களைத் தவறாமல் எண்ணியிருக்கிறேன். ஓரிடத்தில் ‘நாய்: 3, கரைக்கு அப்பால்’ என்று தொலைவோடு குறித்திருக்கிறேன். பதினான்கு ஞாயிறுகளில் ஒன்றில்கூடச் சமோசா இல்லை. மறைக்க வேண்டும் என்று எண்ணிச் செய்திருந்தால்கூட ஒருவேளை ஓரிடத்திலாவது தவறியிருப்பேன். அவள் நாய் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இதில் எனக்கு மிகவும் வெட்கமளிப்பது, படித்திருந்தேன் என்பதுதான். பீட்டர் பேங்க்ஸ், ஜெசிகா பிரையன்ட் இருவரும் சிட்னியின் புறநகர்க் காட்டுப்பகுதிகளில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு என் முன்னாய்வு இயலிலேயே இருக்கிறது. மூன்று வகையாகப் பாதைகளைப் பிரித்தார்கள்: ஒருவர் நாயோடு நடந்தது, ஒருவர் தனியே நடந்தது, எவரும் நடக்காதது. நாய் நடந்த பாதைகளில் பறவையினங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடும், பறவைகளின் மொத்த எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தன. மனிதர் தனியே நடந்தபோதும் குறைவு உண்டு. ஆனால் நாயால் வந்ததில் பாதிக்கும் கீழே. நாய்கள் அனைத்தும் வாரில் கட்டப்பட்டிருந்தவை என்பதை நான் அடிக்கோடிட்டே வைத்திருந்தேன். வழக்கமாக நாய்கள் வந்துபோகும் இடங்களிலும் பறவைகள் பழகிக்கொள்ளவில்லை என்பதையும். நரியும் ஓநாயும் வந்து தரைக்கூட்டைச் சூறையாடிய நெடுங்காலத்தின் நினைவு பறவைக்கு உண்டு. வாரின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், அந்த நாய்க்குப் பன் பிடிக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்தியாவைப் பொறுத்தவரை நாய்களும் காட்டுயிரும் பற்றிய உரையாடல் பெரும்பாலும் தெருநாய், ஊர்நாய், மந்தைநாய் பற்றியே நடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. சந்திரிமா ஹோம், யஷ் வீர் பட்நாகர், அபி வனக் மூவரும் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, நாய்கள் தாக்கியதாகப் பதிவான காட்டுயிர் இனங்கள் 80 என்று கணக்கிடுகிறது. அவற்றில் 31 அழிவின் அச்சுறுத்தலில் இருப்பவை. அதே ஆண்டு கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் நச்சுயிரி பற்றி நாடே பேசியது. இவற்றையெல்லாம் கருத்தரங்கில் சொல்லும்போது என் குரலில் ஒரு தெளிவு இருக்கும். அந்த நாய்கள் வேறு யாருடையவையோ.

நெறியாளரிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. படிவத்தையும் படத்தையும் மேசைமேல் வைத்தேன். அவர் முட்டையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு, “யாருடைய நாய்?” என்று கேட்டார். “என்னுடையது, ஐயா.” சற்று நேரம் பேசவில்லை. பிறகு, எல்லா ஞாயிறுகளுக்கும் நாய் என்ற கட்டத்தில் 1 கூட்டிவிட்டால் போதாதா என்று அவரே கேட்டு, அவரே தலையசைத்து மறுத்தார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஏன் போதாது? ஞாயிறும் நாயும் ஒன்றாகவே வந்தன. சமோசா வாரநாளில் ஒருமுறையும் வந்ததில்லை. அவள் வராத ஞாயிறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புகைப்படக்காரர்களும் வண்டிகளும் மிகுதி. ஆகவே அந்நாள்களில் உள்ளான் குறைந்திருந்தால், குறைத்தது கூட்டமா, நாயா என்று பிரித்தறிய என் தரவில் வழியே இல்லை. எந்தப் புள்ளியியல் உத்தியும் இல்லாத ஒப்பீட்டை உண்டாக்கித் தராது. என் இரண்டாம் இயலோ ‘வார இறுதிப் பார்வையாளர்களால் கரைப்பறவைகளுக்கு நேரும் இடையூறு’ பற்றியது. அதாவது, வருகிறவர்கள் பறவைகளை விரட்டுகிறார்கள் என்று நிறுவுவதற்காக நான் வாராவாரம் ஒரு நாயை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பதினான்கு ஞாயிறுகளையும் நீக்கினோம். உதவித்தொகை முடிய அப்போது ஏழு மாதம் இருந்தது. இன்னொரு குளிர்காலம் களத்தில் நிற்பதென்றால் பாதிக்காலம் உதவித்தொகையின்றி நிற்பது என்று பொருள். வீட்டில் அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கியபோது, “அந்த நாயை எங்கயாவது விட்டுட்டு வந்திருக்கலாமில்ல?” என்றார். விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும், அம்மா. வீட்டில்.

பூக்கார அக்கா மட்டும் இதை ஏற்கவே இல்லை. “லாரி போவுது, ஜீப்பு ஏரிக்குள்ளயே எறங்குது, மாடு எறநூறு மேயுது. என் சமோசா இன்னா மா பண்ணுச்சு?” அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏரிப்படுகையில் வண்டியை வட்டமடிக்கவிட்டுப் புழுதி கிளப்புகிறவர்களோடு ஒப்பிட்டால், வாரில் கட்டிய ஒரு நாய் எம்மாத்திரம்? நகரத்துப் பூங்காக்களில் நாய் வேண்டாம் என்று எழும் குரல்களில் பறவையைப் பற்றிய அக்கறையைவிட, தெருநாயோடும் தெருவோடும் ஒட்ட விரும்பாத மனம்தான் பல நேரம் எனக்குக் கேட்கிறது. ஆனால் அக்காவின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை, ஜீப்பு பெரிய தீங்கு என்பதால் என் நாய் தீங்கில்லாதது ஆகிவிடாது என்பதுதான். அதோடு ‘ஒரு நாய்’ என்பதும் என் கணக்கு மட்டுமே. பெல்ஜியத்தில் கென்ட் நகரையொட்டிய இயற்கைக் காப்பகங்களில் நடைக்கு வரும் நாய்களை எண்ணி, அவற்றின் கழிவால் ஓர் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சேரும் சத்தைக் கணக்கிட்டார்கள்: 11 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ். 2022-இல் வெளியான ஆய்வு. அங்கே வந்த ஒவ்வொருவரும் ஒரு நாயைத்தான் அழைத்து வந்திருப்பார்கள்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. உண்ணிக்காக மாதம் ஒருமுறை சமோசாவின் பிடரியில் நான் சொட்டுவது பிப்ரோனில் கலந்த மருந்து. நீர்ப்பூச்சிகளுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த நீர் மாதிரிகளில் 98 விழுக்காட்டில் பிப்ரோனில் இருந்தது. அங்கே வேளாண்மையில் அதன் பயன்பாடு நின்றுபோன பிறகும் அப்படியிருப்பதற்கு, நாய் பூனைகளின் உண்ணி மருந்தே முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உள்ளான் சேற்றில் தேடுவது நீர்ப்பூச்சியின் புழுவைத்தான். சமோசா கழுத்தளவு நீரில் இறங்கி நிற்க, நான் கைகொட்டிச் சிரித்த காணொளி ஒன்று என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை.

இப்போது அவளுக்குக் காலைநடை சந்திலும், கடைகள் திறக்குமுன் மார்க்கெட்டைச் சுற்றியும்தான். இறைச்சிக் கடைப் பக்கம் போனால் அவளுக்கு ஏரி நினைவே வராது என்று பாய் ஒருவர் ஆறுதல் சொல்கிறார். ஞாயிறு விடிகாலை நான்கரைக்கு ஆம்னியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வந்து படியில் உட்கார்ந்துகொள்கிறாள். முதல் இரண்டு வாரம் முனகினாள். இப்போது முனகுவதில்லை, வண்டி திரும்பும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அக்கா என்னோடு அந்த நேரத்தில் பேசுவதில்லை. எலஹங்கா தாண்டிய பிறகுதான் வாய் திறப்பார்.

இந்த நவம்பரில் மீண்டும் தொடங்கினேன். படிவத்தின் பதினோராம் கட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: ‘நாய், பிற’ என்று ஒன்று, ‘நாய், கணக்கெடுப்பவருடையது’ என்று ஒன்று. இரண்டாவது எப்போதும் 0 ஆகத்தான் இருக்கப்போகிறது. இருந்தாலும் ஒவ்வொரு நிலையிலும் நின்று எழுதுகிறேன். முதல் ஞாயிறு மூன்றாம் நிலையில் ஊர்நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து என் பின்னால் நடக்கத் தொடங்கியது. காதில் வெட்டு இல்லை. கையோங்கினால் நின்றது, நடந்தால் வந்தது. என் பையில் பன் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது போலும். ஐந்தாம் நிலையை நாங்கள் நெருங்கும்போது நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக எழுந்து எதிர்க்கரைக்குப் போயின. நின்று, பத்து நிமிடம் எண்ணி, நாய், பிற: 1 என்று எழுதிக்கொண்டேன்.

மாணவர்கள் இருவரும் பழைய படிவத்தை நீக்கிவிட்டு, இன்று அனுப்பியிருக்கும் புதியதைப் பயன்படுத்திக்கொள்ளவும்.